சிரிக்கிற கேள்வி

2024 அக்டோபர் 15, செவ்வாய்க்கிழமை. விடியற்காலையில் தொடங்கிய மழை பகல் முழுவதும் விடவில்லை. பள்ளிகளுக்கு விடுமுறை அறிவித்திருந்தார்கள். சேலையூர் ஏரி நிரம்பிவிடுமோ என்ற கவலையில் எங்கள் தெருக்காரர்கள் தங்கள் கார்களைக் கேம்ப் ரோட்டின் மேட்டுப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தியிருந்தார்கள். மாலையில் மழை சற்றுத் தணிந்தது. வீட்டின் பின்பக்கத்தில், கூரைக்கு அடியில் காயாமல் தொங்கிய துணிகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். அப்போது மதிலுக்கு அப்பாலிருந்து அந்தக் குரல் எழுந்தது.

"டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்."

உன்னைப் பற்றிச் சொல் என்று பொருள். பெண் குரல். சொல்லும் ஒலியும் பிசகாத ஆங்கிலம். அதற்கு யாரும் பதில் சொல்லவில்லை. ஒருவர் நிதானமாகத் தம்மைப் பற்றிச் சொல்லி முடிப்பதற்கு எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் கடந்தது. கூரைத் தகட்டிலிருந்து வாளிக்குள் நீர் சொட்டும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு அடுத்த கேள்வி.

"வாட் ஆர் யுவர் ஸ்ட்ரெங்த்ஸ்?"

உன் பலங்கள் என்ன என்ற கேள்வி. மீண்டும் மௌனம், முன்னதைவிடக் குறுகியது.

"டூ யூ ஹேவ் எனி பிரதர்ஸ் ஆர் சிஸ்டர்ஸ்?"

உடன்பிறந்தவர்கள் உண்டா என்ற இந்தக் கேள்விக்குப் பின் வந்த மௌனம் மிகச் சிறியது. அதன் முடிவில், கேட்டவளே சிரித்தாள். எதிரில் நிற்பவர் ஏதோ வேடிக்கையாகச் சொல்ல, அடக்க முடியாமல் வெளிப்பட்ட சிரிப்பு அது. ஆனால் எதிரில் யாரும் இல்லை என்பது எனக்குத் தெரியும்.

எங்கள் மாடிக்கு அந்த மாதம்தான் குடிவந்திருந்த பெண்மணி கைப்பிடிச் சுவரின்மேல் எட்டிப் பார்த்து, "சார், பக்கத்து வீட்ல அந்தப் பொண்ணு யார்கூட சார் பேசிட்டிருக்கு?" என்று மெல்லக் கேட்டார்.

"பாடம் படிக்கிறாள்" என்றேன்.

"பதிலே வரல சார்?"

"வராது" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்துவிட்டேன்.

அந்தப் பெண்ணின் பெயர் ஜென்சி. எங்கள் பகுதியில் உள்ள ஒரு தனியார் மருத்துவமனையில் செவிலியர். வயது முப்பதைக் கடந்துவிட்டது. தாயார் யூனிஸ் அம்மாளும் அவளுமாக அந்த வீட்டில் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் பின்பக்கத்தில் ஒற்றைச் செங்கல் சுவர்தான் எல்லை. அங்கே பேசுவது இங்கே கேட்கும். நான் கேட்டதையும், பின்னாளில் ஜென்சியும் அவளுடைய தாயாரும் தாமாகவே என்னிடம் சொன்னதையும், அவர்கள் சம்மதத்துடன் இங்கே எழுதுகிறேன்.

ஜென்சிக்கு ஓர் அண்ணன் உண்டு, பெயர் பென்னி. தந்தை ஜீவரத்தினம் பிள்ளைகள் படித்துக்கொண்டிருக்கும்போதே காலமாகிவிட்டார். பட்டயப் படிப்பை முடித்த பென்னியை, தாயார் மேற்குத் தாம்பரத்தில் ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில் நடந்த ஆங்கிலப் பேச்சு வகுப்பில் சேர்த்தார். அப்போது செவிலியர் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த ஜென்சியும் அதே வகுப்புக்குப் போக ஆசைப்பட்டாள்.

"அவனுக்கு இங்கிலீஷ் வந்தா கம்பெனிக்குள்ள போவான். உனக்கு ஊசி போடத் தெரிஞ்சா போதாதா?" என்றார் யூனிஸ் அம்மாள். இதைக் கொடுமையாகச் சொல்லவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே, எல்லாரும் அறிந்த செய்தி ஒன்றைச் சொல்வதுபோலச் சொன்னார்.

அந்த வகுப்பில் நேர்காணல் பயிற்சிக்காக அச்சடித்த தாள்கள் கொடுத்தார்கள். இடப்பக்கம் கேள்விகள், வலப்பக்கம் பதில்கள். வீட்டில் யாரேனும் ஒருவர் கேள்விகளைக் கேட்க, மாணவர் பதில் சொல்லிப் பழக வேண்டும். கேட்பதற்கு ஆள் வேண்டியிருந்தது. வீட்டில் இருந்த ஆள் ஜென்சி.

மாலைதோறும் பின்பக்கத்தில் ஒரு நீலப் பிளாஸ்டிக் நாற்காலி வரும். இறந்துபோன தந்தையின் மூக்குக்கண்ணாடியை அணிந்துகொண்டு ஜென்சி அதில் அமர்வாள். துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் பென்னி கைகட்டி நிற்பான். அச்சடித்த தாளில் கேட்பவர் எப்போதும் 'சார்'தான். ஆகவே தங்கையும் சார் ஆனாள்.

"குட் ஈவினிங் சார்."

"குட் ஈவினிங். பிளீஸ் சிட் டவுன்."

"ஆபீஸ்ல சேர் ஒண்ணுதான் இருக்கு சார். நீங்களே வெச்சுக்குங்க."

"டேய், ஒழுங்கா சொல்லு."

"கேண்டிடேட்டை 'டேய்'னு கூப்புடுற சார நான் பாத்ததே இல்ல."

இப்படித்தான் தொடங்கும். அவர்கள் இருவரும் ஒரே தாளைப் படித்தார்கள்; ஆனால் கற்ற முறை வேறு. பென்னி பிழையைப் பொருட்படுத்தவே மாட்டான். பால்காரரிடம், மின்சார ரயிலில் எதிரில் அமர்ந்தவரிடம், ஏ.டி.எம். வாசலில் நின்ற வடநாட்டுக் காவலாளியிடம், கையில் இருந்த நாலு சொற்களை வைத்துக்கொண்டு ஆங்கிலத்தில் பேசிப் பார்ப்பான். "மைசெல்ஃப் பென்னி" என்றுதான் தொடங்குவான். "'மைசெல்ஃப்' இல்ல, 'ஐ ஆம்'" என்று தங்கை திருத்துவாள். "நீ சார், உனக்குத் தெரியும். நான் கேண்டிடேட். தப்பாப் பேசறதுக்குத்தான் வந்திருக்கேன்" என்பான்.

ஜென்சியின் முறை இதற்கு நேர்மாறானது. ஒரு வாக்கியம் நாவில் முழுமையாக வந்து அமரும்வரை அவள் வாய் திறக்க மாட்டாள். தொலைக்காட்சியில் ஆங்கிலச் செய்தி வாசிப்பவரின் உதடுகளைக் கவனிப்பாள். கண்ணாடி முன் நின்று ஒலியின்றிச் சொல்லிப் பார்ப்பாள். அடுக்களை டப்பாக்களில் ஆங்கிலப் பெயர்களை எழுதி ஒட்டினாள். கேள்விகளை அவள் எழுப்பும்போது, வினாவின் இறுதியில் குரல் எங்கே ஏற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்பதுகூடப் பிசகாது. தவறாகப் பேசினால் ஆண்பிள்ளையைப் பார்த்து 'முயற்சி பண்றான்' என்பார்கள்; பெண்ணைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவள் இதை எங்கோ அறிந்து வைத்திருந்தாள்.

உடன்பிறந்தவர் பற்றிய கேள்விக்கு, எனக்கு ஒரு தங்கை இருக்கிறாள், அவள் படித்துக்கொண்டிருக்கிறாள் என்று தாளில் பதில் இருந்தது. பென்னி அதை ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை. விறைப்பாக நின்று, "ஒன் சிஸ்டர். ஷீ இஸ் மை சார்" என்பான். ஒவ்வொரு நாளும் சொன்ன வேடிக்கைதான். ஒவ்வொரு நாளும் ஜென்சி சிரித்தாள். மூக்குக்கண்ணாடி நழுவும். அடுக்களையிலிருந்து யூனிஸ் அம்மாளும் பொருள் தெரியாமலேயே சிரிப்பார்.

2015 டிசம்பரில் பெருவெள்ளம் வந்தது. முடிச்சூர்ப் பக்கம் குடியிருந்த தன் நண்பன் அந்தோணிசாமியின் பெற்றோரை அழைத்து வரப் பென்னி பைக்கில் புறப்பட்டான். அவர்களை ஒரு மாடிவீட்டில் ஏற்றிவிட்டான். நிறுத்திய பைக்கைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று நீரில் இறங்கினான். வெள்ளம் வடிந்தபின் ஒரு மதிலோரம் சேற்றுக்குள் பைக் கிடைத்தது. அவன் கிடைக்கவில்லை. அரசு மருத்துவமனைகளின் பிணவறைகளுக்கு யூனிஸ் அம்மாள் அழைத்துச் செல்லப்பட்டார். ஒவ்வோர் இடத்திலும் பார்த்துவிட்டு, "இது அவன் இல்ல" என்றார். அது உண்மையும்கூட.

திருச்சபையின் பாஸ்டர் வந்து, நினைவு ஆராதனைக்கு நாள் குறிக்கலாமா என்று கேட்டார்.

"வெளிய போயிருக்கிற புள்ளைக்கு எதுக்கு பாஸ்டர் நினைவு ஆராதனை?" என்று கேட்டார் யூனிஸ் அம்மாள். பாஸ்டர் தேநீர் குடித்துவிட்டு எழுந்து போய்விட்டார்.

அந்த வாரமோ அடுத்த வாரமோ, ஒரு மாலைப்பொழுதில் தாயார் அடுக்களையில் அமர்ந்தபடி, "ஜென்சி, அந்தக் கேள்வியெல்லாம் கேளேன்" என்றார்.

"யார்கிட்டம்மா?"

"கேளு. அவன் வர்ற நேரந்தான்."

ஜென்சி நாற்காலியைப் பின்பக்கத்தில் போட்டாள். கண்ணாடியை அணிந்துகொண்டாள். முதல் கேள்வியைக் கேட்டாள். துவைக்கும் கல்லைப் பார்த்தபடி, அவன் பதில் சொல்லி முடிக்கும்வரை காத்திருந்தாள். பதில் அவளுக்குள் கேட்டது. 'மைசெல்ஃப்' முதற்கொண்டு, அவனுடைய பிழைகளோடு. பிறகு அடுத்த கேள்வி. உடன்பிறந்தவர் கேள்விக்குப் பின் அவளையறியாமல் சிரிப்பு வந்தது. அடுக்களையில் தாயாரும் சிரித்தார். மகனைப் பறிகொடுத்த பின் அவர் சிரித்தது அப்போதுதான். மறுநாளும் கேட்கச் சொன்னார். அன்றிலிருந்து, பணியில்லாத மாலைகளில் எல்லாம் அந்த வீட்டில் கேள்விகள் எழுந்தன. பதிலின் அளவுக்கு மௌனம் இருந்தது. உரிய இடத்தில் சிரிப்பு வந்தது. ஆண்டுகள் அப்படியே கழிந்தன.

இதற்கிடையில் ஜென்சி மருத்துவமனையில் நல்ல பெயர் எடுத்தாள். வெளிமாநிலத்தாரும் வெளிநாட்டாரும் அங்கே சிகிச்சைக்கு வருவார்கள். வலி எங்கே, எத்தனை நாளாக, முன்பு அறுவை சிகிச்சை நடந்ததுண்டா என்று அவள் ஆங்கிலத்தில் கேட்பதைக் கேட்டு மருத்துவர்களே திரும்பிப் பார்ப்பார்கள். செவிலியரின் வேலையில் கேள்விகளே மிகுதி. பதில் சொல்ல வேண்டியவர் நோயாளி. ஆகவே அவளுடைய குறை யார் கண்ணிலும் படவில்லை. அவளிடம் யாரேனும் ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டுவிட்டால், அவள் அமைதியாகக் காத்திருப்பாள். யாரோ பதில் சொல்லப் போகிறார்கள் என்பதுபோல.

தமிழிலும் அவள் அப்படித்தான் ஆகியிருந்தாள். ஓய்வுபெற்ற தமிழாசிரியன் என்ற முறையில் இதை நான் கவனித்திருக்கிறேன். நம் இலக்கணம் விடையை எட்டு வகையாகப் பிரிக்கிறது. 'ஏரிக்கரைக்கு வருகிறாயா?' என்ற வினாவுக்கு, 'வராமல் இருப்பேனா?' என்பது வினா எதிர் வினாதல். 'கால் சுளுக்கிக்கொண்டது' என்பது, நேர்ந்ததைச் சொல்வதால், உற்றது உரைத்தல். ஜென்சியிடம் இருந்தது ஒரே வகைதான். அம்மா நலமா என்று கேட்டால், "ஏன் சார், எங்கயாவது பாத்தீங்களா?" என்பாள். வேலை எப்படிப் போகிறது என்றால், "வேலைக்கு என்ன சார்?" என்பாள்.

அம்மாவை எங்கேனும் பார்த்தேனா என்று அவள் கேட்டதற்குக் காரணம் இருந்தது. பெருமழை பெய்தால் யூனிஸ் அம்மாள் வீட்டில் தங்க மாட்டார். குடையும் இல்லாமல் போய்த் தெருமுனையில் நிற்பார். ஒருமுறை கேம்ப் ரோட்டில் பேருந்து நிறுத்தம்வரை போய்விட்டவரை நானும் என் மனைவியும் அழைத்து வந்தோம். ஜென்சிக்கோ மாதத்தில் பாதி நாள் இரவுப் பணி. ஒவ்வொரு மழைக்காலமும் அவளுக்கு அச்சமாகவே கழிந்தது.

அந்த 2024ஆம் ஆண்டில்தான் மருத்துவமனையில் வெளிநாட்டு நோயாளிகளுக்கென்று தனிப்பிரிவு தொடங்க ஏற்பாடு செய்தார்கள். அதற்குப் பொறுப்புச் செவிலியர் ஒருவர் வேண்டும், பகல் பணி மட்டும், நேர்காணல் ஆங்கிலத்தில். தலைமைச் செவிலியர் ஷீலா, ஜென்சியின் பெயரைத்தான் முதலில் எழுதிக் கொடுத்தார். அந்தப் பணி கிடைத்தால் மழை இரவுகளில் தாயாருடன் வீட்டில் இருக்கலாம். ஜென்சிக்கு வேண்டியிருந்தது அது ஒன்றுதான்.

நேர்காணலில் மூவர் அமர்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த மருத்துவர், "டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்" என்றார்.

அது அவளுடைய கேள்வி. தன் கேள்வியை இன்னொருவர் வாயில் கேட்ட ஜென்சி காத்திருந்தாள். அறையில் மௌனம் நீண்டது. மருத்துவர் மீண்டும் ஒருமுறை கேட்டார். அவளுக்குள் பதில் ஓடிக்கொண்டிருந்தது. அவளுடைய உதடுகள் அதைப் பின்தொடர்ந்தன.

"ஐ ஆம் தி ஒன்லி சன் ஆஃப் மை பேரன்ட்ஸ்" என்றாள் ஜென்சி. என் பெற்றோருக்கு நான் ஒரே மகன்.

மூவரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு அன்று. ஒருவர், "சன்னா, டாட்டரா?" என்று கேட்டு உதவக்கூடச் செய்தார். அவள் எழுந்து வெளியே வந்துவிட்டாள். அந்த முறை யாரையும் தேர்ந்தெடுக்கவில்லை. பிரிவு திறக்கும்போது மீண்டும் நேர்காணல் உண்டு என்று அறிவித்தார்கள்.

செய்தி அன்று மாலைக்குள் வார்டெங்கும் பரவியது. வெற்றிவேல் என்றோர் ஆண் செவிலியர், பீர்க்கன்கரணைக்காரர், அவரும் அந்தப் பணிக்கு முயன்றவர். "இன்னா ஒன்லி சன், டூட்டி முடிஞ்சிச்சா? வூட்டுக்குக் கெளம்பலியா?" என்றார்.

"உனக்கு வேற வேலையே இல்லியா?" என்றாள் ஜென்சி.

"கீது, கீது. பத்தாம் நம்பர் பெட்ல ஒரு நைஜீரியாக்காரர் கீறாரு. நானும் அவரும் பேசினா எங்க ரெண்டு பேருக்குமே புரியல. நீ வந்து கேளு, நான் பதில் சொல்றேன்."

கிண்டலாகச் சொன்னதுதான். வெற்றிவேலின் ஆங்கிலத்தில் வினைச்சொல் ஒன்றும் உரிய காலத்தில் நிற்காது; ஆனாலும் அவர் பேசுவதை நிறுத்தியதில்லை. அன்று அந்த நோயாளியின் படுக்கையருகே இருவரும் நின்றார்கள். ஜென்சி கேட்டாள், நோயாளியின் ஐயங்களுக்கு வெற்றிவேல் கையையும் காலையும் ஆட்டிப் பதில் சொன்னார். வெளியே வந்ததும் ஷீலா அவளை நிறுத்தினார்.

"நீ கேக்கும்போது ரேடியோ மாதிரி இருக்கு. பதில் சொல்றப்ப மட்டும் ஏன்டி ஊமையாயிடுற?"

ஜென்சி அதற்கும் ஒரு கேள்வியைத்தான் தேடினாள். கிடைக்கவில்லை.

ஷீலாவின் முயற்சியால் மருத்துவமனையில் ஆங்கிலப் பேச்சு வகுப்பு ஏற்பாடாயிற்று. ரேஷ்மா என்ற பயிற்சியாளர் கீழ்க்கட்டளையிலிருந்து வந்தார். ஜென்சியின் வயதுதான் இருக்கும். முதல் நாள் எழுத்துத் தேர்வில் பெண்கள் முன்னே நின்றார்கள். ஜென்சி எல்லாரினும் முன்னே. பேசச் சொன்னபோது ஆண்கள்தான் பேசினார்கள். "நீங்கல்லாம் எழுதுறீங்க, பிரிச்சுப் படிக்கிறீங்க, மனப்பாடம் பண்றீங்க. இவ்வளவு வழியில படிக்கிறவங்க ஏன் பேச மாட்டேங்கிறீங்க?" என்று ரேஷ்மா பெண்களைப் பார்த்துக் கேட்டார். பின்வரிசையிலிருந்து வெற்றிவேல், "அவங்க தப்பு தீர்றவரைக்கும் வெயிட் பண்ணுவாங்க மேடம். நாங்க தப்பை வெச்சே ஓட்டிருவோம்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், ரேஷ்மா சிரிக்கவில்லை.

இருவர் இருவராக அமர்ந்து வினவியும் விடையளித்தும் பழகும் பயிற்சியில், ஜென்சி எப்போதும் வினவும் பக்கத்தையே எடுத்துக்கொள்வதை ரேஷ்மா கண்டுகொண்டார். வகுப்பு முடிந்தபின் அவளை மட்டும் இருக்கச் சொன்னார்.

"யார்கிட்ட கத்துக்கிட்டீங்க?"

"அண்ணன்கிட்ட. நான் கேப்பேன், அவன் பதில் சொல்வான்."

"நீங்க பதில் சொல்லி, அவர் கேட்டதே இல்லையா?"

"அவனுக்குத்தான மேடம் இன்டர்வியூ?"

"சரி. பதில் பக்கத்த நீங்க படிச்சதே இல்லையா?"

"முழுசா மனப்பாடம். ஆனா அதெல்லாம் அவன் பதில்."

"வீட்ல வழக்கம்போல நீங்களே கேளுங்க. கேட்டுட்டு, நீங்களே பதில் சொல்லுங்க. உங்களப் பத்தி. தப்பா இருந்தாலும் பரவாயில்ல" என்றார் ரேஷ்மா.

அன்று மாலை ஜென்சி நாற்காலியைப் போட்டாள். முதல் கேள்வியைக் கேட்டாள். மௌனம் தொடங்க வேண்டிய இடத்தில், "ஐ ஆம் ஜென்சி. ஐ ஆம் எ ஸ்டாஃப் நர்ஸ்" என்று சொன்னாள். மதிலின் இப்பக்கம் இருந்த எனக்கே அது வேறொருவர் குரல்போலப் பட்டது.

அடுக்களையில் பாத்திரம் விழுந்த ஓசை கேட்டது. யூனிஸ் அம்மாள் பின்வாசலுக்கு வந்துவிட்டார்.

"நீ ஏன் அங்க பேசுற?"

"பிராக்டீஸும்மா. பதில் சொல்லிப் பழகணும்."

"அந்த நேரம் அவனுதுடி. நீ அங்கயும் பேசிட்டா, அவன் எங்க வந்து பேசுவான்?"

ஜென்சி கண்ணாடியைக் கழற்றி மடித்தாள். நாற்காலியை உள்ளே எடுத்துப் போனாள். அதன் பிறகு பல மாலைகள் அந்தப் பக்கமிருந்து ஒரு சொல்லும் வரவில்லை. கேள்விகளும் இல்லை, கேள்விகளுக்கு நடுவில் இருந்த மௌனமும் இல்லை. இத்தனை ஆண்டுகள் காதில் விழுந்துகொண்டிருந்த அந்தச் சிரிப்பு இல்லாத மாலையில், என் மனைவி விளக்கைச் சீக்கிரமே போடச் சொன்னாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வரும்போது, அதே திருச்சபையைச் சேர்ந்த ஷீலா யூனிஸ் அம்மாளைக் கண்டு பேசியிருக்கிறார். மறுபடி இன்டர்வியூ வருகிறது, அன்றைக்குச் சொன்னதுபோல் ஒன்லி சன் என்று சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் ஆன்ட்டி என்று சிரித்தபடி சொல்லியிருக்கிறார். யூனிஸ் அம்மாளுக்குப் பொருள் விளங்கவில்லை. வீட்டுக்கு வந்து மகளைக் கேட்டார்.

"அன்னிக்கு இன்டர்வியூவுல என்னடி சொன்ன?"

"ஏம்மா, யார் என்ன சொன்னாங்க?"

"நான் கேட்டதுக்குப் பதில் சொல்லு."

ஜென்சி தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள்: "'எங்க அம்மா அப்பாவுக்கு நான் ஒரே மகன்'னு சொன்னேன்."

"நீயா சொன்ன?"

"என் வாய்தான். ஆனா அவன் சொல்றதுதான் எனக்குக் கேக்கும்மா. எப்பவும். யார் என்ன கேட்டாலும் அவன்தான் முதல்ல பேசுறான். அவன் முடிக்கிறவரைக்கும் நான் நிக்கிறேன்."

மகன் அந்த மௌனத்துக்குள் எங்கோ காத்திருக்கிறான் என்றுதான் யூனிஸ் அம்மாள் அதுவரை நம்பியிருந்தார். அவன் காத்திருக்கவில்லை, பேசிக்கொண்டே இருந்திருக்கிறான். பேசாமல் நின்றது இவள்.

"அப்போ நீ எங்கடி இருந்த?" என்று கேட்டார்.

அன்று ஜென்சி எதிர்க்கேள்வி கேட்கவில்லை.

மறுநாள் மாலை பின்பக்கத்தில் நாற்காலி இழுக்கும் ஓசை கேட்டது. அதில் அமர்ந்தவர் யூனிஸ் அம்மாள். கணவரின் மூக்குக்கண்ணாடியைத் தாமே அணிந்துகொண்டிருந்தார்.

"நீ அங்க போய் நில்லு" என்றார், துவைக்கும் கல்லைக் காட்டி.

"அம்மா, உனக்கு இங்கிலீஷ் தெரியாதே."

"எத்தன வருஷமாக் கேக்குறேன். அர்த்தம்தான் தெரியாது. டெல்மீ பவுட்டு யுவர்செல்ப்பு."

மதிலுக்கு இப்பக்கம் நான் கையில் துணியோடு நின்றுவிட்டேன். கேள்விகள் வரிசை மாறாமல் வந்தன. மகள் எழுப்பிய அதே ஏற்ற இறக்கத்தோடு, பொருளறியாத வாயிலிருந்து வந்தன. ஜென்சி தடுமாறினாள். சில வாக்கியங்கள் பாதியில் நின்றன. ஒருமுறை, "மைசெல்ஃப்" என்று தொடங்கிவிட்டு நிறுத்திக்கொண்டாள். தாயார் காத்திருந்தார். அவள் "ஐ ஆம்" என்று மீண்டும் தொடங்கினாள்.

ஒரு கேள்வியை மட்டும் யூனிஸ் அம்மாள் கேட்கவில்லை. அது வர வேண்டிய இடத்தில் நிறுத்தி, கண்ணாடியைத் துடைத்துவிட்டு, அதற்கடுத்த கேள்விக்குப் போனார். மறுநாளும் அப்படியே. நேர்காணலுக்கு முந்தைய மாலைவரை அந்த ஒன்றைத் தாண்டியே சென்றார். ஜென்சியும் நினைவூட்டவில்லை.

நேர்காணல் நவம்பர் இறுதியில் நடந்தது. அன்றும் வானம் மூடியிருந்தது. புயல் வரும் என்றார்கள். காலையில் ஜென்சி புறப்பட்டதிலிருந்து யூனிஸ் அம்மாள் வாசற்கதவின் அருகிலேயே நின்றார். தூறல் விழுந்தபோதும் தெருமுனைக்குப் போகவில்லை. நான் கவனித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பிற்பகலில் ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கிய ஜென்சி என்னைக் கண்டதும் நின்றாள்.

"என்னம்மா, எப்படி நடந்தது?" என்று கேட்டேன்.

"கிடைச்சிடுச்சு சார். அடுத்த வாரத்துலருந்து பகல் டூட்டி" என்றாள்.

நேரான விடை. அவளிடமிருந்து எனக்குக் கிடைத்த முதல் விடை என்றே சொல்வேன்.

அவள் உள்ளே போனாள். சற்று நேரத்தில் பின்பக்கத்தில் தண்ணீர்க் குழாய் திறக்கும் ஓசை கேட்டது; அவள் கை கால் கழுவிக்கொண்டிருக்க வேண்டும். யூனிஸ் அம்மாள் வந்து நாற்காலியில் அமர்வதும் கேட்டது. வேலை கிடைத்ததைப் பற்றி இருவரும் ஓரிரு சொற்கள் பேசினார்கள். பிறகு பேச்சு நின்றது. பழைய மாலைகளில் கேட்ட அதே மௌனமோ என்று எண்ணினேன்.

"எல்லாக் கேள்வியும் கேட்டாங்களா?" என்றார் தாயார்.

"கேட்டாங்க."

"அந்தச் சிரிக்கிற கேள்வி?"

"அதுவும் கேட்டாங்க."

குழாய் நின்றது. கூரையில் மழை தொடங்கியிருந்தது.

"நீ என்ன சொன்ன?"

"இருந்தான்னு சொன்னேம்மா."